சுவர் பார்க்க வந்தவர்கள்

எங்கள் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஆயுசில் பாதியை நின்றுகொண்டே கழித்த மனுஷன், ஓய்வு பெற்ற மறுநாள் டிவிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நின்ற காலுக்கு ஓய்வு வேண்டாமா, உட்காரட்டும் என்று விட்டேன். பொங்கல் வந்தது, போனது. மாங்காய்க் காலம் வந்தது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை. சாப்பிடுகிறீர்களா என்றால் ஒரு தலையாட்டல், போதுமா என்றால் இன்னொரு தலையாட்டல். "காரிமங்கலம் எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் கடைசி சீட்டில் குறட்டை விடுகிறவன்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பான். அந்தக் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

எனக்கு வாய் நீளம். ஊரே சொல்லும், நானும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் பதில் பேச ஆளில்லாத வீட்டில் அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சண்டை போடவாவது வாங்களேன் என்று புருஷனிடம் கெஞ்சிய பொண்டாட்டி இந்த தர்மபுரி ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளியில் கிண்டல் பேசினாலும் உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து ஒருநாள் நாற்காலியோடு நாற்காலியாகப் போய்விடுவாரோ என்று பயம்.

அவரை எழுப்பியது எங்கள் தெருச் சுவர்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி சென்னையில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தாள். கொரோனாவில் காலேஜை மூடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய அப்பாவுக்கு கிரில் பட்டறை. கேட்டுக்கு அடித்து மிச்சமான எனாமல் பெயின்ட் டப்பா டப்பாவாகக் கிடந்தது. தெருச் சுவரெல்லாம் படம் போடுகிறேன் என்று கிளம்பினாள். சும்மா கிடைக்கிற பெயின்டை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் எங்கள் ஆட்கள் சும்மா வாங்கினாலும் தங்கள் இஷ்டப்படிதான் வாங்குவார்கள். உனக்கு என்னம்மா வரையப் பிடிக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆடு வளர்க்கிறவர் தன் கிடாயைப் போடச் சொன்னார், கொம்பு மட்டும் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிசாக. தக்காளி வியாபாரிக்குத் தக்காளிக் கூடை. மூலை வீட்டில் மயில் கேட்டார்கள். பாதியில் நீலப் பெயின்ட் தீர்ந்துபோனதால் அது கழுத்துவரை மயில், அதற்குக் கீழே கோழி. எங்கள் எதிர் வீட்டுக்காரி ஒகேனக்கல் அருவி வேண்டும் என்றாள். தெருவிலேயே நீளமான சுவர் அவளுடையது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தண்ணீராகக் கொட்டியது. வாரத்துக்கு ஒரு நாள் குழாய்த் தண்ணீர் வருகிற தெருவில் அவளுக்கு இருந்த ஆசையைப் பாருங்கள்!

எங்கள் சுவரில் பஸ். படிக்கட்டில் ஒரு கால், காற்றில் ஒரு கால், வாயில் விசிலோடு எங்கள் வீட்டுக்காரர் தொங்கிக்கொண்டிருப்பார். அப்போது அவர் வேலையில் இருந்தார். ஜன்னலில் தெரிகிற ஜனங்களுக்கெல்லாம் ஒரே முகம், அதுவும் அந்தப் பெண்ணின் சித்தப்பா முகம். பஸ்ஸுக்கு ஒரு பக்கத்திலேயே மூன்று சக்கரம். அதைப் பற்றியெல்லாம் இவருக்குக் கவலையில்லை. "ரூட் நம்பர் இல்லாம வண்டி எப்படிம்மா ஸ்டாண்டை வுட்டு எடுக்கறது?" என்று மல்லுக்கு நின்று நெற்றியில் நம்பரை எழுத வைத்த பிறகுதான் சாப்பிட வந்தார்.

எங்கள் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஒரு லீவுக்கு வந்தவள் இந்தச் சுவர்களை ஃபோட்டோ எடுத்துப் போய் ஆபீஸில் காட்டியிருக்கிறாள். நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று அங்கே ஒரு கூட்டம் ஒற்றைக்காலில் நின்றதாம். அங்கெல்லாம் இப்படி ஒரு பழக்கம் இருக்கிறதாம். ஒரு ஆள் முன்னால் நடந்து தெருவையும் சுவரையும் காட்டிக்கொண்டு போவார், நடுநடுவே அந்த ஊர்ச் சாப்பாட்டை வாங்கித் தருவார், பின்னாலேயே ஜனம் தின்றுகொண்டே நடக்கும். "அப்பா, நீங்கதான் கூட்டிட்டுப் போவணும்" என்று ஃபோனில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார். அப்புறம் கேட்டார்.

"எத்தன மணிக்கு எடுக்கறது?"

மறுநாளிலிருந்து ஒத்திகை. பெங்களூர்க்காரர்களுக்குப் பதிலாக நான் நடக்க வேண்டும். அவர் பின்பக்கமாக நடந்தபடி கையைக் காட்டுவார், நான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுவரிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இங்க அஞ்சு நிமிசம் நிக்கும்" என்பார். கிடாய்ச் சுவரில் கொஞ்சம் அதிகமாக நின்று பேசிவிட்டால் மயில் சுவருக்கு ஓட்டமாக ஓட வேண்டும், ஏனென்றால் லேட்டாம். "நானு என்ன, பேசஞ்சரா?" என்று எரிந்து விழுந்தேன். "பேசஞ்சர்னா மரியாதையா பேசுவேன்" என்றார். எத்தனை நாள் கழித்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை! உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

டீக்கடை, சலூன், மாவு மில் என்று எல்லா இடத்திலும் அவரே சொல்லி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர்க்காரர்கள் நம் தெருவைப் பார்க்க வருகிறார்கள். சாப்பாட்டுக்கும் ஏற்பாடு. கடைவீதியில் தட்டுவடை, பாய் கடையில் சமோசா, கடைசியில் எங்கள் வீட்டில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் நிலக்கடலைச் சட்னியும். சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் தர்மபுரி போனோம். அவருக்குக் காக்கிக்கு மாற்றாக ஒரு சட்டை, எனக்குப் பெரிய களிக் குண்டான். இரண்டையும் வாங்கிக்கொண்டு பொழுது சாய்கிற நேரம் தெருவுக்குள் நுழைந்தோம்.

தெரு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

விருந்தாளி வருகிறார்கள் என்றால் எங்கள் ஊரில் என்ன செய்வார்கள்? வெள்ளையடிப்பார்கள். கல்யாணமா, வெள்ளையடி. பொங்கலா, வெள்ளையடி. பெங்களூர்க்காரர்கள் வருகிறார்கள் என்றதும் தெருவே கூடிச் சுண்ணாம்பைக் கரைத்து, கிடாய், தக்காளி, அந்த அரைக்கோழி மயில் எல்லாவற்றின் மேலும் அடித்து, கீழே அழகாகக் காவிப் பட்டையும் இழுத்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு வேலை மிச்சம் பண்ணுகிறோம் என்று எங்கள் சுவரையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டுவோம் என்று.

இவர் பஸ் இருந்த இடத்தில் நின்றார். கையால் தொட்டுப் பார்த்தார். சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. உள்ளே போய்ப் புதுச் சட்டைப் பையைக் கட்டில் மேல் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் போட்டார்.

காலையில் பார்த்தால் அதே நாற்காலி, அதே டிவி. "வர வேணாம்னு சொல்லிடு" என்றார். அவர்கள் விடியற்காலையிலேயே புறப்பட்டு ஓசூர் தாண்டிவிட்டார்கள் என்று, வேலை இருந்ததால் கூட வராத மகள் ஏற்கெனவே ஃபோன் பண்ணிவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. டிவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கேட்டேன்.

"ஏங்க, வண்டி நடுவழியில நின்னு போனா என்ன பண்ணுவீங்க?"

"எதுக்கு இப்ப அது?"

"சொல்லுங்க."

"பேசஞ்சர டீக்கடைக்கு அனுப்பிட்டு மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புவேன்."

"அப்ப அனுப்புங்க. எந்திரிச்சு சட்டையப் போடுங்க."

எழுந்தார். போகப் பிடிக்காமல் எழுந்தார், ஆனாலும் எழுந்தார். ஹைவே முக்கில் காரை நிறுத்தி, தெருப் பக்கமே திரும்ப விடாமல் கடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மெக்கானிக்குக்கு நான் எங்கே போவது? வாசலில் நின்று யோசித்தேன். எதிர் வீட்டுக்காரி அவள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு அடிக்கும் படைக்கு அவள்தான் தலைவி என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆனால் எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. குழாயடியில் வரிசையில் வைத்த என் குடத்தை அவள் நகர்த்தினாள். காற்றில் நகர்ந்தது என்றாள். பித்தளைக் குடம் காற்றில் நகருமா? அன்றிலிருந்து எங்களுக்குள் ஜாடைப் பேச்சுதான். நான் எங்கள் கோழியிடம் சொல்வேன், அவள் தன் ஆட்டிடம் சொல்வாள்.

ஒரு கை அரிசியை எடுத்து வீசினேன்.

"தின்னு தாயி, நல்லா தின்னுட்டு நீயும் போயி எவ வூட்டு சுவத்துலயாவது சுண்ணாம்பு அடி. கேக்காம கொள்ளாம அடுத்தவங்க சுவத்துல கை வைக்கறதுதான இந்தத் தெருவுல நாயம்!"

அவள் ஆட்டின் காதருகே குனிந்தாள். "பாத்தியா, நல்லதுக்குக் காலமே இல்ல. வூட்டுல ஆளில்லியே, வர்றவங்க அழுக்கு சுவத்தப் பாத்து மூஞ்சி சுளிக்கக் கூடாதேன்னு அடிச்சா, அதுக்கும் ஏச்சு."

"கோழி, ஒனக்குத் தெரியுமா? வர்றவங்க அந்தப் படத்தப் பாக்கத்தான் வர்றாங்க."

ஆடு மென்றது. அவள் மெதுவாக நிமிர்ந்தாள்.

"படத்தப் பாக்கவா?" என்று ஆட்டையே கேட்டாள். "பெங்களூர்ல இருந்தா? அந்த மயிலப் பாக்கவா?"

"ஆமா கோழி. எங்க வூட்டுக்காரரு நாக்காலிய வுட்டு எந்திரிச்சதே அதுக்காவத்தான். நேத்து மறுபடியும் போயி உக்காந்துட்டாரு. இன்னிக்கி இது கெட்டுப் போச்சுன்னா இனிமே எந்திரிக்க மாட்டாரு."

கடைசி வார்த்தை கோழிக்குச் சொன்ன மாதிரி வரவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் அவளைக் காணோம். போய்த் தொலையட்டும், நமக்கென்ன என்று நினைத்தேன்.

அவள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். கையில் தேங்காய் நார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக எங்கள் சுவருக்கு வந்து குடத்தைச் சாய்த்து ஊற்றினாள்.

எங்கள் தெருவில் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். புதன்கிழமை வந்தால் அடுத்த புதன்கிழமைதான். அரிசி கழுவிய தண்ணீர் ஆட்டுக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கை மரத்துக்கு. ஒரு சொம்பு தண்ணீர் சிந்தினால் பெற்ற பிள்ளை என்றும் பார்க்காமல் முதுகில் இரண்டு வைப்பார்கள். அந்தத் தெருவில் அவள் ஒரு குடம் நல்ல தண்ணீரைச் சுவரில் ஊற்றிவிட்டு நாரால் தேய்த்தாள். எனாமல் மேல் அடித்த ஒரு நாள் சுண்ணாம்பு, பால் மாதிரி வழிந்தது. உள்ளேயிருந்து முதலில் ஒரு சக்கரம் வந்தது.

அவள் ஊற்றியதைப் பார்த்துத் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. கிடாய்க்காரர் தன் கிடாயைத் தேய்த்தார். மூலை வீட்டில் மயிலைத் தேய்த்தார்கள். தேய்த்த வேகத்தில் அதற்கு இருந்த கொஞ்சநஞ்ச நீலமும் மங்கியது. எல்லாருமாக நேற்றுப் பூசியதை இன்று கழுவிக்கொண்டிருந்தோம். "யாரு மொதல்ல சொன்னது வெள்ளையடிக்கலாம்னு?" என்று நடுவே ஒரு விசாரணையும் நடந்தது. ஒருத்தரும் சொல்லவில்லையாம், சுண்ணாம்பு தானாகக் கரைந்ததாம். எதிர் வீட்டுக்காரி வாயே திறக்காமல் குடம் குடமாகக் கொண்டுவந்து எங்கள் பஸ் முழுவதையும் தேய்த்து முடித்தாள். படிக்கட்டில் தொங்குகிறவரின் மீசையை மட்டும் என்னிடம் விட்டுவிட்டாள்.

இவர் அங்கே கடைவீதியில் பேசஞ்சர்களை மடக்கி வைத்திருந்தார். அந்தக் கதையை அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தட்டுவடைக் கடையில் கொஞ்சம் ருசி பார்க்கத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ருசிக்கு மட்டும் கொடுப்பது எங்கள் ஊரில் கிடையாது. தட்டு நிறையக் கொடுத்து, மிச்சம் வைத்தால் கோபித்துக்கொண்டார்களாம். பாய் கடையில் சமோசாவுக்கு மேல் டீ, டீக்கு மேல் பிஸ்கட். அதற்குமேல் நேரம் கடத்த வழியில்லாமல் இவர் ஒரு காதணி விழா பேனருக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தியிருக்கிறார். "இது தாய்மாமன். இவங்கல்லாம் தாய்மாமனோட தோஸ்துங்க. கூலிங்கிளாஸ் போட்டிருக்கறவரு யாருன்னு அந்தக் குடும்பத்துக்கே தெரியாது. காது குத்தற கொழந்த, அதோ மூலைல, ஸ்டாம்பு சைஸுல." பெங்களூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்து, சுற்றிச் சுற்றி ஃபோட்டோ எடுத்தார்களாம். அவர்கள் சிரிக்கச் சிரிக்க இவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அடுத்தது தெரு. தெருவில் வெறும் வெள்ளைச் சுவர்.

அவர்கள் திரும்பியபோது நான் வாசலில் நின்றிருந்தேன். இவர் தெரு முனையில் கூட்டத்தை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். மன்னிப்புக் கேட்கிறார் என்று தெரிந்தது. கேமரா வைத்திருந்த பெண் அவரைத் தாண்டிப் பார்த்து, "அங்கிள், அந்த பஸ்ல தொங்கறது நீங்களா?" என்று கத்தினாள்.

இவர் திரும்பினார். சுவர் சொட்டச் சொட்ட நனைந்து நின்றது. தெருவெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீர், நடுவே நாரும் குடமுமாக ஜனம். இவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பஸ்ஸைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஒத்திகையில் மனப்பாடம் பண்ணிய ஒரு வரிகூட வாயில் வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

"போலாம் ரைட்!"

தெருவே அதிர்ந்தது. அந்தக் குரலை நான் இனிமேல் கேட்க மாட்டேன் என்று இருந்தேன். நான் அழுதேன். சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சுவராக நின்று நின்று போனது வண்டி. கிடாய்ச் சுவரில் நிஜக் கிடாயையே இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். கொம்பு விஷயம் அம்பலமானது. கடைசியாக எதிர் வீட்டுச் சுவர். அது மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளையாகவே நின்றது, காவிப் பட்டையோடு.

"இங்க என்ன படம் இருந்துச்சு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒகேனக்கல் அருவி" என்றாள் எதிர் வீட்டுக்காரி. "தண்ணி தீந்து போச்சுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதன்கிழமைவரை வைத்திருக்க வேண்டிய தண்ணீரையெல்லாம் அவள் எங்கள் பஸ்ஸுக்கு ஊற்றிவிட்டாள். "எங்க டிரம்முல கொஞ்சம் கெடக்குது, எடுத்தாரேன்" என்றேன். நேராக அவளிடமே சொன்னேன், கோழி பக்கத்தில் இல்லை. "வேணாங்க்கா, வந்தவங்க கைய கழுவ வேணாமா?" என்றாள். அவளும் நேராகத்தான் சொன்னாள்.

வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தவர்கள் களியைப் பார்த்து மிரண்டார்கள். நான் விடுவேனா? களியைக் கடிக்கக் கூடாது, கிள்ளி, கீரையில் புரட்டி, விழுங்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். நெட்டையாக ஒரு பையன் பிடிவாதமாக மென்றான். பல்லோடு பல் ஒட்டிக்கொண்டு அவனால் அதற்கப்புறம் பேசவே முடியவில்லை. நல்ல களி.

அவர்களைக் காரில் ஏற்றிவிட்டு வந்து இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரிமோட்டைக் கையில் எடுத்தார். ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"குழாய்ல தண்ணி என்னிக்கி வருது?"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் கேட்காத கேள்வி. "புதன்கிழமை" என்றேன்.

புதன்கிழமை விடிந்து நான் குழாயடிக்குப் போனால் இவர் எனக்கு முன்னால் நிற்கிறார், இரண்டு கையிலும் குடம். நிரப்பிய குடத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. எதிர் வீட்டு டிரம்மில் ஊற்றினார். அது நிரம்பும்வரை நடந்தார். "நம்ம டிரம்மு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சத்தம் போட்டேன். "லைன்ல வா" என்றார்.

பிறகு வீட்டுக்குள் போனார். டிவிக்கு முன்னால் இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதிர் வீட்டுச் சுவரோரம் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அதன்மேல் ஏறி நின்று, உச்சியிலிருந்து தண்ணீரை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். நாற்காலி அவருக்குக் கீழே ஆடியது. "பாத்துண்ணா, பாத்து" என்று எதிர் வீட்டுக்காரி ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.